இறப்பில்லா இல்லம்

அந்த முதியோர் இல்லத்தில் இதுவரை ஒருவர்கூட இறந்ததில்லை. வரவேற்பறையில் பித்தளைப் பலகை அடித்து மாட்டியிருக்கிறார்கள், நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு மாடி, நூற்றுச் சொச்சம் கிழவர் கிழவிகள், ஆளுக்கு ஒரு கைப்பிடி மாத்திரை. இருந்தும் ஒரு சாவு கிடையாது. எமன் என்ன, விலாசம் தெரியாமல் அலைகிறானா என்று கேட்பீர்கள். அதெல்லாம் இல்லை. அவன் வாடிக்கையாக வந்துகொண்டுதான் இருந்தான். வந்தவனை உள்ளே விடாமல், அவன் கேட்ட ஆளை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிற ஏற்பாடு அங்கே இருந்தது.

யாருக்காவது மூச்சு இழுக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, கண் சொருகுகிறது என்றால் நிர்வாகி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "ஏத்துங்க." உடனே ஸ்ட்ரெச்சர் வரும். ஸ்ட்ரெச்சர் நுழைவதற்கென்றே போட்ட பெரிய லிஃப்ட் கதவைத் திறக்கும். கீழே ஆம்புலன்ஸ் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். கேட்டைத் தாண்டிவிட்டால் அது ஆஸ்பத்திரியின் சாவு, ஆஸ்பத்திரி எட்டாவிட்டால் சாலையின் சாவு. இல்லத்தின் கணக்கில் வராது.

நிர்வாகி இதற்கு முன்னால் ஒரு பெரிய ஹோட்டலை நடத்தியவர். அந்தப் பழக்கத்தில் இங்கே இருப்பவர்களை விருந்தினர் என்றுதான் சொல்வார். புதிதாகச் சேர்க்க வருகிற குடும்பங்களிடம் மனம் விட்டுப் பேசுவார். "ஒரு ரூம்ல ஒருத்தர் செத்துட்டாருன்னு வச்சுக்குங்க, அப்புறம் அந்த ரூமை யார் எடுப்பா? அதனாலதான் எங்க விருந்தினர்கள் மேல நாங்க இவ்வளவு அக்கறை எடுத்துக்கிறோம்." கேட்டவர்கள் நெகிழ்ந்துபோய் முன்பணம் கட்டுவார்கள்.

நம்முடைய மெக்கானிக்கும் அப்படி நெகிழ்ந்தவன்தான். அவனுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. அந்த இல்லத்தின் இரண்டு லிஃப்ட்டுகளையும் மாதம் ஒருமுறை பார்த்து எண்ணெய் போட்டு வைப்பது அவன் பொறுப்பு. வேலையோடு வேலையாக அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாமே என்று அவரை மூன்றாவது மாடியில் ஜன்னல் ஓரத்து அறையில் சேர்த்தான்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது தாண்டியும் நாக்கு மட்டும் வேலையில் இருந்தது. புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி குணப்படுத்த வழியில்லை என்று பெரிய டாக்டர்கள் கையை விரித்திருந்தார்கள். அதற்குள் இரண்டு முறை அவரை 'ஏற்றி' விட்டார்கள். இரண்டு முறையும் ஆஸ்பத்திரி நடைபாதையில் போட்டார்கள், மூக்கில் குழாய் விட்டார்கள், பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டினார்கள். இரண்டு முறையும் கிழவர் சாகாமல் திரும்பி வந்தார். நிர்வாகி ஹோட்டல் வழக்கப்படி பூங்கொத்தோடு வாசலில் நின்று, "எங்களை மறக்காம மறுபடியும் வந்ததுக்கு நன்றி" என்றார்.

அன்றைக்கு அப்பா மகனின் சட்டையைப் பிடித்து அருகில் இழுத்தார்.

"டேய், வாழ்நாள் பூரா டிக்கெட் இல்லாதவனைத்தான் நான் வண்டியை விட்டு இறக்கியிருக்கேன். டிக்கெட் வச்சிருக்கிறவன்மேல கை வச்சதில்ல. என் ஸ்டேஷன் வந்தா நானே இறங்கிக்கிறேன். அதுக்கு முன்னாடி யாரும் என்னைத் தூக்கி வெளிய போடக்கூடாது. இந்தக் கட்டில், இந்த ஜன்னல். சரியா?"

"சரிப்பா."

"சும்மா மண்டையை ஆட்டாதே. சத்தியமா?"

"சத்தியமாப்பா."

சத்தியம் செய்துவிட்டானே தவிர, அதை எப்படிக் காப்பாற்றுவது என்று அவனுக்கு விளங்கவில்லை. யாரோ சொல்லி, நோய்த்தணிப்பு சிகிச்சை பார்க்கும் ஒரு டாக்டர் அம்மாவைப் போய்ப் பார்த்தான். அவர் அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். டாக்டர் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டதே அவனுக்குப் பாதி வைத்தியமாக இருந்தது.

"நோயை இனிமே ஒண்ணும் பண்ண முடியாது சார். ஆனா நோயாளிக்குப் பண்றதுக்கு நிறைய இருக்கு. வலி, மூச்சுத் திணறல், பயம், எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. வீட்டிலயும் பண்ணலாம், இல்லத்திலயும் பண்ணலாம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்."

"அப்படின்னா சிகிச்சையை நிறுத்திடறதா மேடம்?" மெக்கானிக் கேட்டான். "எங்க அக்கா போன்ல, அப்பாவைக் கைவிட்டுட்டியாடான்னு கேக்குறா."

"இப்ப வலியில கத்துறாரே, இதுதான் கைவிடறது. நாம கையைப் பிடிச்சுக்கப் போறோம். அக்காவை எனக்குப் பேசச் சொல்லுங்க."

அக்கா பேசினாள், அழுதாள், கடைசியில் ஒத்துக்கொண்டாள். இல்லம்தான் ஒத்துக்கொள்ளுமோ என்று மெக்கானிக் கையைப் பிசைந்தான். ஆனால் நிர்வாகியோ விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நோய்த்தணிப்பா! அருமை சார், அருமை! பக்கத்துல இருக்கிற எந்த இல்லத்திலயும் கிடையாது. உடனே ஆரம்பிக்கிறோம். உங்க அப்பாதான் முதல் பயனாளி."

டாக்டர் வலிக்கு ஒரு பாட்டில் மார்ஃபின் திரவமும், எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதிய தாளும், 'இவரை இடம் மாற்றக் கூடாது' என்ற குறிப்பும் கொடுத்துவிட்டுப் போனார். நிர்வாகி மூன்றையும் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே 'நிம்மதிப் பிரிவு' தொடங்கியது. அப்பாவின் கட்டிலுக்கு மேலே வானவில் வண்ணத்தில் பேனர் கட்டினார்கள். அது சரியாக ஜன்னலை மறைத்தது.

திறப்பு விழாவை நோயாளியின் அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். "நிம்மதி என்பது ஒரு சேவை" என்று நிர்வாகி ஒலிபெருக்கியில் பேசினார். "அதை நாம் வழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தினர் போதும் என்று சொன்னாலும் நிறுத்தக் கூடாது!" விருந்தினர் அப்போது வலி தாங்காமல் போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாக எண்ணி எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன் பிறகு கிழவருக்கு நிம்மதி ஓயாமல் வந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு ஸ்பீக்கர் வைத்துப் புல்லாங்குழல் இசை விட்டார்கள். அதை அணைக்கும் சுவிட்ச் அலுவலகத்தில் இருந்தது. கைபிடிப்பு ஊழியர்கள் என்று நான்கு பேரை நியமித்தார்கள். முறை வைத்து அவர்கள் கையைப் பிடித்தார்கள். ஒருவர் பிடித்த கையை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது, "நல்லா இருக்கு, வாங்கிக்குங்க" என்று சொல்ல வேண்டும் என்பது விதி. எப்போதாவது அவர் கண்ணயர்ந்துவிட்டால் ஒரு பெண் வந்து தோளைத் தட்டுவாள்.

"ஐயா, ஐயா! நிம்மதியா இருக்கீங்களா? பத்துக்கு எத்தனை?"

"தூங்கிட்டிருந்தேனேம்மா."

"தூங்கினது எப்படி இருந்துச்சு? பத்துக்கு எத்தனை?"

"அந்தப் புல்லாங்குழல்காரனை நிறுத்தச் சொல்லு. அவனுக்கு மொதல்ல மருந்து குடுங்க. ரொம்ப நேரமா அழுவுறான்."

அந்தப் பெண் மூன்று என்று குறித்துக்கொண்டாள். மூன்று போதாது என்று நிர்வாகிக்குத் தோன்றியதால், கையைப் பிடிப்பவர்களின் எண்ணிக்கையை ஆறாக்கினார்.

இத்தனை நிம்மதிக்கு நடுவில் ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. மார்ஃபின். அது மருந்து அறை அலமாரியில் இரட்டைப் பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு சாவி நிர்வாகியிடம், இன்னொன்று ஸ்டோர்கீப்பரிடம். இருவரும் ஒரே நேரத்தில் நின்று திறக்க வேண்டும். நிர்வாகி இருக்கும்போது ஸ்டோர்கீப்பர் சாமான் வாங்கப் போயிருப்பார். ஸ்டோர்கீப்பர் வந்தால் நிர்வாகி நிம்மதிப் பிரிவைப் பற்றி எங்காவது உரையாற்றப் போயிருப்பார். இருவரும் சேர்ந்து அகப்பட்ட ஒரே நாளில் மெக்கானிக் ஓடிப்போய் நின்றான். ஸ்டோர்கீப்பர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"தர்றதுல ஒண்ணுமில்ல சார். ஆனா இது பழக்கமாயிடுமே. அப்புறம் இது இல்லாம இருக்க முடியாதே."

"அவருக்கு எண்பத்திரண்டு வயசு சார். எலும்பு பூரா பரவியிருக்கு."

"அதான் சொல்றேன். இந்த வயசுல ஒரு கெட்ட பழக்கம் வந்துட்டா திருத்தறது கஷ்டம்."

நிர்வாகியும் வருத்தத்தோடு தலையசைத்தார். "எங்க விருந்தினரோட எதிர்காலத்தையும் நாங்க யோசிக்கணும் இல்லையா?"

பெரியவர்கள், படித்தவர்கள், ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைக்கிற சுபாவம் மெக்கானிக்கினுடையது. ஆனால் அறைக்குத் திரும்பினால் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முடியலடா, முடியலடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் இதுவரை அந்த வார்த்தையைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

தகவல் தெரிந்து டாக்டர் அம்மா நேரில் வந்தார். ஒரு துளிகூடக் குறையாத பாட்டிலை அலமாரியின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பூட்டுகளைப் பார்த்தார். பிறகு அலமாரிக் கதவின் பூட்டு இல்லாத மறு ஓரத்தைப் பார்த்தார்.

"சார், உங்ககிட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா பூட்டை உடைச்சா..."

"பூட்டை யார் தொடச் சொன்னா? கீலைக் கழட்டுங்க. கதவை நான் பிடிச்சுக்கிறேன்."

டாக்டர் கதவைப் பிடித்துக்கொள்ள, மெக்கானிக் கீல்களைக் கழற்றினான். ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டு ஓடியது, அதைத் தேடி எடுப்பதற்குள் டாக்டர் இரண்டு முறை திட்டினார். பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைப் பழையபடி மாட்டிவிட்டார்கள். முதல் வேளை மருந்து உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் அப்பாவின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக இறங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மகனின் முகத்தை நேராகப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே பேனர் இருந்தது. அவன் அதை அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் போட்டான்.

பாட்டில் காணவில்லை என்று விசாரணை நடந்தது. இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்ததாலும், இரண்டு சாவியும் உரியவர்களிடமே இருந்ததாலும், மருந்து அலமாரியை விட்டு வெளியே போகவே இல்லை என்று முடிவாயிற்று. பயனாளியின் நிம்மதி மூன்றிலிருந்து எட்டுக்கு ஏறியதற்குக் காரணம் புல்லாங்குழல் என்றும் அதே கூட்டத்தில் பதிவு செய்தார்கள்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு நல்ல நாட்கள் வாய்த்தன. ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களைப் பார்த்து யாரிடம் டிக்கெட் இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வந்து இருந்துவிட்டுப் போனாள். எதிர் அறையில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். "வலி இல்லையா? நிஜமாவே இல்லையா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். இல்லை என்று அப்பா சொன்னதும் நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் அப்பா சூப்பை வேண்டாம் என்று ஒதுக்கினார். மதியத்துக்குள் பேச்சு நின்றது. மூச்சு விட்டு விட்டு வந்தது. டாக்டர் போனில், "நேரம் நெருங்குது. அவருக்கு வலி இல்ல, பயப்படாதீங்க. பக்கத்துலயே இருங்க, நான் வந்துட்டே இருக்கேன்" என்றார். மெக்கானிக் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். அறை வாசலில் நிர்வாகியின் குரல் கேட்டது.

"ஏத்துங்க."

மெக்கானிக் வெளியே ஓடினான். "சார், இடம் மாத்தக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. நோய்த்தணிப்புன்னா கடைசி வரைக்கும் இங்கேயே வச்சுப் பார்த்துக்கிறதுதானே?"

"சார், நிம்மதிப் பிரிவு வாழறதுக்குத்தான். மத்ததுக்கு இல்ல." நிர்வாகி அவன் தோளில் ஆதரவாகக் கை வைத்தார். "உணர்ச்சிவசப்படாதீங்க. கீழே வண்டி ரெடி."

ஆம்புலன்ஸ் ஆட்கள் கீழே ஸ்ட்ரெச்சரை இறக்குகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் அவர்களோடு சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அவன் சண்டை போட்டுப் பழகாதவன். குரலை உயர்த்தினால் அவனுக்கே கண்ணில் நீர் வந்துவிடும். படியேறினான். மொட்டை மாடியில் லிஃப்ட்டின் மெஷின் அறை. சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. ஆள் இல்லாத பெரிய லிஃப்ட்டை நாலாவது மாடியில் கொண்டுவந்து நிறுத்தினான். மெயின் சுவிட்சை இறக்கினான், ஃபியூஸ்களைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்பாவை இரண்டு முறை வெளியே கொண்டுபோன லிஃப்ட் அது. அதற்குத் தானே எண்ணெய் போட்டோமே என்று நினைத்தபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

கீழே ரகளை ஆரம்பித்தது. சின்ன லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. படிக்கட்டு வளைவில் திரும்பாது. "சக்கர நாற்காலியில உட்கார வச்சுக் கொண்டுவாங்களேன்" என்றார் நிர்வாகி. ஆம்புலன்ஸ்காரர்கள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவரையா? எங்களால ஆகாது சார்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நிர்வாகி லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கின் போன் அடித்தது. ஆபீஸ் பெண்.

"அண்ணே, அந்த முதியோர் இல்லத்துல பெரிய லிஃப்ட் நின்னுபோச்சாம். ரொம்ப அர்ஜெண்டாம். எங்க இருக்கீங்க?"

"அங்கதாம்மா இருக்கேன்."

"அப்பாடா! பார்க்கறீங்களா? எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லட்டும்?"

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தான். மார்பு ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது.

"சொல்ல முடியலம்மா" என்றான். "அவசரப்படுத்தக் கூடாத வேலை."

ஆபீஸ் பெண் அதை அப்படியே நிர்வாகியிடம் சொன்னாள். மெக்கானிக் வேலையில்தான் இருக்கிறார் என்று நிர்வாகி திருப்தியோடு வரவேற்பறையில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னபடி மெக்கானிக் அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்தான். அக்காவைப் போனில் கூப்பிட்டு அப்பாவின் காதருகே வைத்தான். அவள் ஏதோ சின்ன வயசுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர் அறை டீச்சர் வந்து சுவிட்ச் இல்லாத ஸ்பீக்கரின் வயரைத் தடியால் ஒரு இழுப்பு இழுத்து அறுத்துவிட்டுப் போனார். அறை அமைதியானது. அடுத்த மூச்சுக்காக மகன் காத்திருந்தான். அது வரவில்லை. கிழவரின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவன் அப்பாவின் கையில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதான். துக்கத்துக்கு உள்ளே, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்ட ஆறுதலும் இருந்தது.

நிர்வாகி மூச்சு வாங்கப் படியேறி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் முகம் வெளுத்தது.

"இல்ல, இன்னும் எதுவும் ஆகல" என்றார். "ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டுங்க. லிஃப்ட் சரியாகட்டும், சைரன் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவோம். சார், கொஞ்சம் அடக்கிக்குங்க. கேட்டைத் தாண்டினதும் எவ்வளவு வேணும்னாலும் அழலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அதற்குள் டாக்டர் அம்மா வந்துவிட்டார். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மெக்கானிக்கின் தோளைத் தொட்டார். பிறகு சான்றிதழ் எழுத உட்கார்ந்தார்.

"மேடம், இடம்னு ஒரு கட்டம் இருக்கே" என்று நிர்வாகி குனிந்து கெஞ்சினார். "அதுல 'பயணத்தில்'னு போட்டுடலாமா? ஆன்மிகமாப் பார்த்தா அதுவும் சரிதானே?"

டாக்டர் அறை எண்ணை எழுதினார். நிர்வாகி மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆறு கைபிடிப்பு ஊழியர்களும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள், ஆனால் யாருக்கும் அவர் கையைப் பிடிக்கத் தோன்றவில்லை.

மெக்கானிக் ஃபியூஸ்களைத் திரும்பப் போட்டான். லிஃப்ட் ஓடியது. அப்பாவை அமைதியாக, சைரன் இல்லாமல் இறக்கினார்கள்.

காரியங்கள் முடிந்து சில நாள் கழித்து, அப்பாவின் துணிமணியையும் கண்ணாடியையும் எடுத்துப்போக மெக்கானிக் வந்தான். மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தால், மூன்றாவது மாடி நடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சிலர் தடியோடு, சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் சக்கர நாற்காலியில். துக்கம் விசாரிக்க நிற்கிறார்கள் என்று நினைத்து அவன் கும்பிட்டான். டீச்சர் நடையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, அன்னிக்கு லிஃப்ட்டை நிறுத்தினது நீதானே?"

மெக்கானிக் மூட்டையைக் கீழே வைத்தான். வேலை போயிற்று என்று நினைத்தான்.

"பயப்படாதே. நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம். எப்படி நிறுத்தறதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

அவன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"மெஷின் ரூம் பக்கமெல்லாம் போயிடாதீங்கம்மா, கரண்ட்டு" என்றான் கடைசியில். "ஒரு நாற்காலியைத் தூக்கிக் கதவுக்கு நடுவுல போட்டு ஒருத்தர் உட்கார்ந்துக்குங்க. போதும். கதவு மூடாது. மூடாத வரைக்கும் லிஃப்ட் நகராது."

"அவ்வளவுதானா!" என்றார் டீச்சர். "அப்ப யாருக்கு நேரம் வருதோ, அவங்களுக்காக மத்தவங்க முறை போட்டு உட்காருவோம். அந்த டாக்டர் அம்மா நம்பரையும் குடுத்துட்டுப் போப்பா."

பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, என்கிட்ட சக்கர நாற்காலிதான் இருக்கு. பரவாயில்லையா?"

"பிரேக்கைப் போட்டுக்குங்க ஐயா."

பெரியவர் அந்த இடத்திலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்ப் பெரிய லிஃப்ட்டின் கதவுக்கு நடுவில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டுப் பார்த்தார். கதவு வந்து அவர் முழங்கையில் இடித்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.